சல்பைட்டா, லேசரா? டர்பன் மேசையிலிருந்து

மேசையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்றில் பிஸ்மத் வனடேட்: தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் நீரில் தோய்த்த வேட்டியின் நிறம். மற்றதில் ஹீமடைட் என்ற இரும்பு ஆக்சைடு: சுத்தச் செங்காவி. இரும்புக்கும் வனேடியத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே போக வேண்டாம். சிஷனில் இரும்பு, புஷ்வெல்டில் வனேடியம். வெயிலில் தண்ணீரைப் பிரிப்பது இவற்றின் வேலை. ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் பிறக்கின்றன. பிரியுமுன்பே பல மறுபடி கூடி வீணாகின்றன. அந்த வீணடிப்பு எங்கே நடக்கிறது?

அதைக் கண்டுபிடிக்க மலிவான வழி சோடியம் சல்பைட் என்ற உப்பு. கரைசலில் கொஞ்சம் சேர்த்தால், மேற்பரப்புக்கு வரும் துளையைத் தாமதிக்காமல் பிடித்துக்கொள்ளும். விழுங்கிய ஒளிக்கு 4 மில்லியாம்பியர் வர வேண்டும், சல்பைட்டோடு 2.4, சல்பைட் இல்லாமல் 1.2 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பை எட்டியவை 60 சதவீதம், அதில் தண்ணீரோடு வினைபுரிந்தவை பாதி. ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. ஹீமடைட் என்றால் சல்பைட்டுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆளறிந்து ஊற்ற வேண்டும்: டைட்டானியம் டையாக்சைடில் மெத்தனாலை ஊற்றினால் ஒரு துளைக்கு இரண்டு எலக்ட்ரான் கிடைத்து, கணக்கு பொய்யாகப் பெருத்துவிடும்.

ஆனால் சல்பைட் எத்தனை என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. ஹீமடைட்டில் துளை நடக்கும் தூரம் 2 முதல் 4 நானோமீட்டர்தான். ஒளியோ 100 நானோமீட்டரையும் தாண்டி உள்ளே இறங்குகிறது. ஆழத்தில் பிறந்தவை பிக்கோநொடிகளில் (ஒரு பிக்கோநொடி, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) சாகின்றன. தப்பியவை தண்ணீரோடு வினைபுரிய மில்லிநொடி தொடங்கி நொடிக்கணக்கு வரை காத்திருக்கின்றன. இந்த இரண்டு காலத்தையும் நேரில் காட்டுவது லேசர்தான்: ஒரு துடிப்பால் தகட்டைத் தட்டி, அது ஒளியை விழுங்குவது எப்படி மாறுகிறது என்று பார்க்கும் முறை. அதற்கும் வம்பு உண்டு: 580 நானோமீட்டர் அருகே எழும் குறி துளையுடையதா, பொறியில் சிக்கிய எலக்ட்ரானுடையதா என்று ஆளுக்கொரு வாதம். தவிர, ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரி வேண்டும். 2023 லோட் ஷெடிங் நாட்களில் பாதியில் கரண்ட் போனால் அன்றைய அளவீடு அம்போ.

எல்.இ.டி. வெளிச்சத்தை லேசாக ஏற்றி இறக்கி மின்னோட்டம் பின்தங்குவதைப் பார்க்கும் முறை இடைப்பட்டது. செலவு குறைவு, மேற்பரப்பில் வினை வேகமா, மறுகூடல் வேகமா என்பதற்கு அது போதும்.

என் கட்சி சல்பைட்தான் முதலில். மஞ்சள் தகட்டில் துளை 70 நானோமீட்டர் அளவுக்கு நடக்கும். அங்கே தடுமாற்றம் பெரும்பாலும் மேற்பரப்பில். அதற்கு எல்.இ.டி. போதும். லேசர் வரிசையில் காவித் தகட்டுக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.