விவாதச் சொல் அட்டைகள்: வாங்கலாம், ஒன்றைத் திருத்திக்கொண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளிப் பொருள் விற்கும் கடையொன்றில் 18 வெள்ளிக்குக் கிடைக்கும் ஆங்கில விவாதச் சொல் அட்டைகள் இவை. மொத்தம் 60. முன்பக்கம் சொல், பின்பக்கம் மலாய், தமிழ்ப் பொருளும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பும். தாள் கெட்டி, அச்சு தெளிவு. கட்டியிருக்கும் ரப்பர் வளையம் மட்டும் சொத்தை.

தரத்தை எடைபோட ‘ரிபட்டல்’ (rebuttal, எதிரணியின் வாதத்தை மறுப்பது) அட்டை ஒன்றே போதும். அதில் ‘ரெபுட்டல்’ என்று அச்சாகியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கும் இடமும் இதுதான். மலாயில் ‘ரெபுட்’ (rebut) என்றால் போட்டி போட்டுப் பறிப்பது. ஆங்கில வினைச்சொல்லுக்கும் எழுத்துகள் அச்சு அசலாக அவையே, அதனால் நாக்கு தானாக மலாய்ப் பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் நடு உயிர் ‘உ’ அல்ல. ‘பஸ்’ என்பதில் வரும் குறுகிய அகரம். ‘ப’வும் அதே பஸ்ஸின் ‘ப’, ‘படி’யின் ‘ப’ அல்ல. முதல் ‘ரி’யைச் சட்டென விட்டு, அழுத்தத்தை ‘பட்’டில் வையுங்கள். கடைசி அசையில் உயிர் ஏறக்குறைய மறைந்துவிடும்: ரி-பட்-ல். ‘ரி’யை நீட்டினால் கணினியை மறுபடி கிளப்பும் ‘ரீபூட்’ நினைவுக்கு வரும். கைப்பேசி அகராதியில் அமெரிக்கக் குரல் ‘ரிபடல்’ என்று மெல்லிய ‘ட’வோடு ஒலித்தால் அதுவும் சரியே.

பொருளிலும் குறை உண்டு. மலாய்க்குப் ‘பிடாசான்’ என்று போட்டது பொருத்தம். தமிழுக்கு ‘எதிர்ப்பு’ என்று மட்டும் போட்டது போதாது. ‘மறுப்புரை’ என்றிருக்க வேண்டும். பழைய பிரெஞ்சு வேரில் இதற்குப் பின்னுக்குத் தள்ளுவது என்று பொருள். அப்படியானால் தள்ளுவதற்கு எதிரணியின் வாதம் ஒன்று முன்னால் இருந்தாக வேண்டும். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியரின் கொள்கைகளில், ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ என்று ஒன்று உண்டு. இதைவிடக் கச்சிதமான விளக்கம் கிடைக்காது: எதிராளி சொன்னதை முதலில் எடுத்துச் சொல், பிறகு களை.

பள்ளியில் கைப்பேசி வேண்டும், பெற்றோர் அவசரத்துக்கு அழைக்கலாம் என்கிறது எதிரணி. “அலுவலகத் தொலைபேசி இருக்கிறதே, அதில் அழைத்தால் ஆசிரியருக்கும் சேதி தெரியும்” என்பது மறுப்புரை. “கைப்பேசி கவனத்தைக் கெடுக்கும்” என்பது புது எதிர்வாதம். நல்ல வாதம்தான், ஆனால் அவர்கள் சொன்னது அசையாமல் அப்படியே நிற்கும். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். உலகப் பள்ளி விவாத முறையில் விவாதத்தைத் தொடங்கிவைக்கும் முதல் பேச்சாளரைத் தவிர மற்றவர்கள் மறுப்புரையோடு தொடங்குவது வழக்கம். ஒவ்வோர் அணியின் மூன்றாமவருக்கும் 8 நிமிடத்தில் பெரும்பகுதி இதிலேயே போகும். அட்டையில் இதற்கொரு வரி ஒதுக்கியிருக்கலாம், இடம் இருக்கிறது.

மற்ற அட்டைகள் இடைநிலைப்பள்ளிப் படிவம் 1 முதல் 3 வரை தாராளமாகப் போதும். மூன்று பேருக்கு ஒரு கட்டு வாங்கினால் சரி. திருத்தி எழுத மார்க்கர் பேனா எடுங்கள். பின்பக்கம் பளபளப்பு, பால்பாயிண்ட் வழுக்கும்.