மாமாவின் தோணிக்கு ஒரு சின்ன மோட்டார்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிற யாரும் வெறுங்கையோடு போவதில்லை, ஏதாவது ஒரு வேலையையும் சுமந்துகொண்டுதான் போவோம். இந்த முறை எனக்கு வாய்த்தது மாமாவின் தோணி. அவர் வீடு மட்டக்களப்பில் உப்புத்தண்ணீர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம், வயல் மேற்கே படுவான்கரையில். ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றுகிற ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தன் பைபர் தோணியில் சவள் (துடுப்பு) போட்டு வாவியைக் கடப்பார், போகிற வழியில் வலையும் வைப்பார். தோள்மூட்டு வலி வந்தபிறகு, மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது பெரும்பாடாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு சேர்த்து என்னிடம் தந்து, ஒரு இஞ்சின் வாங்கிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நகரத்தில் முதலில் ஏறிய கடையில் தோணி எத்தனை அடி என்றுகூடக் கேட்கவில்லை. நேரே 9.9 குதிரைவலு மோட்டாரைக் காட்டி, "இதுதான் அண்ணே சின்னது" என்றார்கள். கடலுக்குப் போகிற போட்டுகளைப் பார்த்துப் பழகிய கண். அந்த மோட்டார் நாற்பது கிலோ வரும். மாமாவின் தோணி 16 அடி, இரண்டு முனையும் கூர், மோட்டாரை மாட்டப் பின்பலகையே கிடையாது. அதன் வாலில் நாற்பது கிலோவைத் தொங்கவிட்டால் அணியம், அதாவது முன்முனை, வானத்தைப் பார்க்கும். பிறகு விற்கலாம், விலை குறையாது என்று கடைக்காரர் சொன்னது மட்டும் நியாயமான பேச்சு.

வேகத்துக்காகவும் அது தேவையில்லை. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிற இந்த மாதிரி உடலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நொட் கணக்கில் வரும். 16 அடிக்கு 5.4 நொட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அதற்கு மேல் எத்தனை குதிரையைக் கட்டினாலும் அலைதான் பெரிதாகும், எண்ணெய்தான் போகும்.

ஆக மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, 2.3 அல்லது 2.5 குதிரைவலு பெற்றோல் மோட்டார். பதின்மூன்று, பதினான்கு கிலோ இருக்கும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஹொண்டாவின் 2.3 காற்றால் குளிர்வது. ஆழமில்லாத இடத்தில் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும் பயம் இல்லை. தூரம் கூடினவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. 2022 ஆகஸ்டில், மீன்பிடித் தோணி இஞ்சின்களுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனதையும், அதற்கு முன் நின்ற வரிசைகளையும் அவர் மறக்கவில்லை. "எண்ணெய்ச் சோலி வேணாம் மனே" என்று முடித்துவிட்டார்.

சரி, மின்சார மோட்டார். இதற்குக் குதிரைவலு சொல்வதில்லை, தள்ளுவிசையை இறாத்தலில் சொல்வார்கள். தோணி, ஆட்கள், வலை, பற்றரி எல்லாம் சேர்ந்த எடையில் 100 இறாத்தலுக்கு 2 இறாத்தல் விசை என்பது பொதுக் கணக்கு. எங்களுக்கு மொத்தம் 250 கிலோ, அதாவது 550 இறாத்தல், 11 போதும். ஆனால் கச்சானுக்கு எதிரே போகவேண்டும் என்பதால் 30 எடுத்தோம். எடை ஏழெட்டுக் கிலோதான். எனக்குப் பிறகு வந்த மச்சான் விமானத்துக்கான 23 கிலோப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். உப்புத் தண்ணீருக்கென்று செய்ததைத்தான் வாங்கச் சொன்னேன். குளத்துக்குச் செய்ததை வாவியில் போட்டால் சீக்கிரம் அரித்துவிடும். லிதியம் பற்றரியைப் பற்றி யாரும் கனவு காண வேண்டாம்: 160 வாட்மணிக்கு மேற்பட்டது பயணிகள் விமானத்தில் ஏறாது, 12 வோல்ட் 100 ஆம்பியர்மணி பற்றரியோ 1200 வாட்மணிக்கு மேல்.

பற்றரி ஊரில்தான் வாங்கினோம். இந்தக் கடையைப் பாராட்டத்தான் வேண்டும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும், எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டுவிட்டு, கார் பற்றரியை ஒதுக்கி, சார்ஜ் ஆழமாக இறங்கி ஏறக்கூடிய 100 ஆம்பியர்மணி ஈயப் பற்றரியைத் தந்தார்கள். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது, அந்தக் கணக்கில் ஒன்றரை மணித்தியாலம். மெதுவாகப் போனால் பல மடங்கு வரும். அதன் எடை பெரிது என்பதால் அணியத்தில் வைத்து, தடித்த வயரைப் பின்னுக்கு இழுத்து, பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டோம்.

மாட்டுவதற்கு ஓடாவி ஒரு குறுக்குப் பலகை செய்தார். தோணியின் இரண்டு விளிம்பிலும் படிந்து, ஒரு பக்கம் வெளியே நீண்டிருக்கும் பலகை. அதில் மோட்டாரை இறுக்கிப் பூட்டினால், புரொப்பெல்லர் தண்ணீருக்குக் கீழே அரை அடியாவது இருக்கவேண்டும். மேலே இருந்தால் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும்.

புரொப்பெல்லர்தான் எங்களை அலைக்கழித்தது. பெற்றோல் மோட்டாருக்கு அதில் இரண்டு எண் இருக்கும்: முதலாவது விட்டம், இரண்டாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்கிற பிட்ச். சுமை ஏற்றிய தோணிக்குப் பிட்ச் குறைவாக இருக்கவேண்டும், கூடினால் இஞ்சின் திணறும். மின்சார மோட்டாரில் அவ்வளவு தெரிவு கிடையாது, அங்கே பாசிக்குத்தான் கவனம். கூட வந்த மூன்று இதழ் புரொப்பெல்லரில் ஆற்றுவாழை வேரும் பாசியும் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. பின்பக்கம் சரிந்த இரண்டு இதழுக்கு மாற்றியதும் பாசி வழுக்கிக்கொண்டு போனது. அறுந்த வலை நைலோனை மட்டும் எதுவும் தடுக்காது. அது இதழுக்குப் பின்னால் புகுந்து, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை (சீல்) அறுக்கும். கழற்றிப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

கழற்றும்போது, புரொப்பெல்லரைச் சாஃப்டோடு பூட்டுகிற சின்னக் கம்பி, ‘பின்’ (pin) என்பார்கள், வளைந்திருந்தது. லேத் கடைத் தம்பி, "ஸ்டீலில் வலுவாக் கடைஞ்சு தாறன்" என்றான். பக்கத்தில் நின்ற மெக்கானிக் விடவில்லை: "டேய், அது உடையத்தான் போடுறது. பின் உடையாட்டி சாஃப்ட் வளையும்." பித்தளையில் அரை டசின் கடைந்து வாங்கினோம், மாமா ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

மோட்டார் மாட்டினால் பதிவில் ஏதும் மாற வேண்டுமா என்று மீன்பிடிப் பரிசோதகரிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால் பார்க்க ஊரில் ஆளில்லை, அதனால் மச்சான் அடுத்தமுறை அதிலும் ஒன்று கொண்டுவருவான்.