சமையல் சொற்புதிர்: எழுத்துத் தட்டா, குறுக்கெழுத்தா?

சமையலை வைத்துச் சொல் விளையாட்டு தேடினால் இரண்டு ரகம் கண்ணில் படும். ஒன்றில், திரையின் அடியில் ஒரு தட்டு அல்லது வாணலி இருக்கும், அதில் ஐந்தாறு எழுத்து. விரலால் இழுத்துச் சொல் சேர்த்தால் அது மேலே உள்ள கட்டத்தில் போய் உட்காரும். இன்னொன்று, குறிப்பைப் படித்துக் கட்டத்தை நிரப்பும் பழைய குறுக்கெழுத்து. வடசென்னையில் ராயபுரத்திலோ பெரம்பூரிலோ ஒரு மகளிர் குழுவோ நூலக வாசகர் வட்டமோ இதைத் தமிழில் நடத்த நினைத்தால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். முதலாவது ஆங்கிலத்துக்கென்றே பிறந்த ஆட்டம்.

ஆங்கிலத்தில் எஸ், டி, ஈ, ஏ, எம் என்ற ஐந்து எழுத்தைத் தட்டில் வைத்தால் போதும். ஸ்டீம், மீட், டீ, ஈட், டீம், சீட், மேட் என்று சொல் கொட்டும். ஐந்தும் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், எப்படிக் கலைத்தாலும் ஏதாவது ஒன்று தேறும். வேர்ட்ஸ்கேப்ஸ் போன்ற ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் நிலைகளை அடுக்குவது இந்த வசதியை வைத்துத்தான். வேர்ட் குக்கீஸில் பேக்கிங் தட்டு உண்டு, ஆனால் சொற்கள் ஒன்றையொன்று வெட்டாமல் வரிசையாக நிற்கும். குறுக்கெழுத்துச் சுவை வேண்டுபவருக்கு அது போதாது.

தமிழில் 247 எழுத்து. உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எழுத்து என்பதால் ஒரு சொல்லின் எழுத்துகள் இன்னொரு சொல்லுக்கு எளிதில் உதவாது. 'பருப்பு' என்று தட்டில் வைத்தால் 'பரு' ஒன்றுதான் உருப்படியாகக் கிடைக்கும். பார்த்துப் பார்த்துப் பொறுக்கினால் தேறாமலில்லை. க, ட, ல், லை, டை என்று வைத்தால் கடலை, கடல், கலை, கடை, கல் என ஐந்து சொல் வரும். ஆனால் ஐந்துமே 'க'வில் தொடங்குகின்றன. புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ட, ல வரிசைகளும் 'டைல்' மாதிரிக் கடன்சொல்லில்தான் வரும். இரண்டாவது சொல்லுக்குள் ஆடுபவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் யோசிக்க ஒன்றுமில்லை, 'க'வில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போகலாம். தட்டு ஆட்டத்தைத் தமிழாக்கினால் சப்பென்று போவது இதனால்தான்.

குறுக்கெழுத்தில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்து மறுபடி மறுபடி வர வேண்டியதில்லை, வெட்டும் இடத்தில் மட்டும் பொருந்தினால் போதும். காசிமேட்டு மீனை நடுவில் போட்டு ஒரு சின்னக் கட்டம்:

■ ■ ■ ■ வெ
■ ■ ■ ■ ங்
■ ■ அ ■ கா
■ ■ ரி ■ ய
வ ஞ் சி ர ம்
ட ■ ■ ச ■
க ல ய ம் ■
றி ■ ■ ■ ■

ஆறு சொல், 18 கட்டம், ஆறு வெட்டு. இதில் கவனிக்க வேண்டியது 'ம்'. ரசம், கலயம், வெங்காயம், வெல்லம், பாயசம் என்று சமையல் சொற்களில் பாதிக்குப் பாதி 'ம்'மில் முடிகிற மாதிரி இருக்கும். இரண்டு சொல்லின் கடைசியை முட்டவிட இதைவிட நல்ல எழுத்து கிடையாது. முதலெழுத்தில் வெட்ட வேண்டுமென்றால் க, வ, ப, ம, அ வரிசைகளை நாடுங்கள். சொல் நடுவில் வரும் ஞ், ங் போன்றவற்றை வெட்டாமல் விட்டுவிடுவது நல்லது. இடமிருந்து வலமாகப் பாதி, மேலிருந்து கீழாகப் பாதி என்று கட்டத்தைக் கச்சிதமான சதுரமாக்கப் போராடாதீர்கள். 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வெளியிட்ட முதல் புதிரே வைர வடிவம்தான்.

எழுத்துக்கூட்டில்தான் சண்டை வரும். கொத்தமல்லி என்பாரும் உண்டு, கொத்துமல்லி என்பாரும் உண்டு. இரண்டுக்கும் ஆறு கட்டம்தான், மூன்றாவது எழுத்து மட்டும் மாறும். அந்த மூன்றாவது கட்டத்தில் இன்னொரு சொல்லை வெட்டவிடாதீர்கள், யார் எப்படி எழுதினாலும் பாதகமில்லை. வற்றல், வத்தல் என்றால் முதலிலும் கடைசியிலும் மட்டும் வெட்டலாம். சட்னி, சட்டினி என்பதில் கட்ட எண்ணிக்கையே மாறுகிறது, ஆனால் கட்டத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். 'எறா' போட ஆசையென்றால் தாராளமாகப் போடுங்கள், குறிப்பில் 'நம்ம ஏரியா பேச்சில்' என்று சேர்த்துவிட்டால் 'இறால்' என்று யாரும் முட்டிக்கொள்ள மாட்டார்கள்.

குறிப்பு எழுதுவதில் சோம்பல் கூடாது. 'ஒரு மீன், நான்கெழுத்து' என்றால் சங்கரா, வவ்வால், நெத்திலி மூன்றும் சரி. சமையலறையில் கை என்ன செய்கிறதோ அதைக் குறிப்பாக்குங்கள். 'தலையைக் கிள்ளி எறிந்து முள்ளோடு பொரிப்பது' என்றால் நெத்திலி தவிர வேறில்லை. 'தட்டையான உடம்பு, முழுசாக மசாலா தடவ வசதி' என்றால் வவ்வால். சௌகார்பேட்டை கச்சோரியும், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களோடு பாரிமுனைப் பக்கம் வந்து சேர்ந்த நூடுல்ஸ் வகையான அத்தோவும் கட்டாயம் இருக்க வேண்டும். அத்தோவுக்கு மூன்றே கட்டம், இடுக்கில் செருக நல்ல சொல். தட்டு ஆட்டத்தில் சமையல் வெறும் அலங்காரம், வாணலிப் படத்தை எடுத்துவிட்டுப் பூத்தொட்டியை வைத்தாலும் ஆட்டம் மாறாது. குறிப்பு இருக்கும்போதுதான் சமையல் தெரிந்தவர் முந்துகிறார், அதுதான் இந்தப் புதிரின் உயிர்.

போனிலா, தாளிலா? விம்கோ நகரில் ஏறி சென்ட்ரல் வரும்வரை பொழுது போக வேண்டுமென்றால் ஆங்கிலத் தட்டு ஆட்டம் அருமை. ஒரு நிலைக்குச் சில நிமிடம், ஒற்றைக் கை போதும், டேட்டாவை அணைத்தாலும் பெரும்பாலும் ஓடும், இடையில் வரும் விளம்பரமும் குறையும். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் தாள்தான்.

தமிழ்க் கட்டத்தைக் கணினியில் செய்பவர் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 'சாம்பார்' நமக்கு நாலு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது எட்டுக் குறியீடு, காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். எக்செல் மாதிரி விரிதாளின் நீளம் பார்க்கும் சூத்திரம் எட்டு என்றே சொல்லும், சில புதிர் மென்பொருள்கள் எட்டுக் கட்டம் போட்டு 'ா'வைத் தனியே நிறுத்தும். 'கொ'வை ஒரே கட்டத்துக்குள் வைக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். இல்லையென்றால் விரிதாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் நிரப்புவதே மேல்.

அச்சுக்கு ஏ4 தாளில் கட்டத்தை 12 மி.மீ. ஆக்குங்கள். 15 கட்டம் அகலம் வைத்தால் 180 மி.மீ., இருபுறமும் 15 மி.மீ. ஓரம் மிஞ்சும். ஆங்கிலப் புதிருக்கு 8 மி.மீ. போதும், நமக்கு 'கொ', 'சௌ' எல்லாம் மூன்று உருவம் அகலம் கேட்கும், குறுகினால் பெரியவர்கள் எழுத்து வெளியே வழியும். விடையைப் பின்பக்கம் அச்சிட வேண்டாம், மெல்லிய ஜெராக்ஸ் தாளில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே தெரிந்துவிடும். தனித்தாளில் எடுத்து நடத்துபவர் கையில் வைத்துக்கொள்ளட்டும்.