கோபோ அபேயின் மணல் மேட்டுப் பெண்: நாவலா, படமா, எது முதலில்?

ஜப்பானிய எழுத்தாளர் அபேயின் நாவல் 1962. படம் 1964, இயக்கம் ஹிரோஷி தெஷிகஹாரா. திரைக்கதையும் அபேயே எழுதினார். ஆனாலும் இரண்டும் வேறு வேறு அனுபவம்.

பூச்சி பிடிக்கப் போனவன் திரும்பவில்லை, ஏழு வருடம் கழித்து இறந்தவனாக அறிவிக்கப்பட்டான் என்று நாவல் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் நாம் படிப்பது ‘எப்படி’ என்று அறியத்தான். படம் அதைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. மணல் குழிக்குள் சிக்கியவன் தப்பிப்பானா என்ற தவிப்பு நம்மை விடுவதே இல்லை.

மணலையே பாருங்கள். நாவலில் அது துல்லியமான அளவு: சராசரியாக எட்டில் ஒரு மில்லிமீட்டர். மருத்துவம் படித்த அபேயின் கண் அது. படத்தில் அதே மணல் வியர்த்த தோலில் ஒட்டிக்கிடக்கிறது. தோரு தகேமிட்சுவின் இசையும் சேரும்போது நம் கழுத்தே நமநமவென்று அரிக்கிறது.

முடிவு தெரியாமல் ஒருமுறையாவது அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும். அதனால் முதலில் படம்.