நசுக்குவதா வெட்டுவதா, எலியா நாயா?

சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தவருக்கு ஆண்குறி விறைப்பு போகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சுரப்பியை ஒட்டி ஓடும், விறைப்பைத் தூண்டும் கேவர்னஸ் நரம்பை. 1982-இல் சிறுநீரியல் மருத்துவர்கள் வால்ஷும் டோங்கரும் அதன் தடத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து நரம்பை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கப் பார்க்கிறார்கள். ஆனாலும் அது இழுபடும், சூடுபடும், நசுங்கும். இந்தக் காயத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க, என் கணக்கில் வெள்ளெலிதான் முதல் தேர்வு.

வெள்ளெலியில் இந்த நரம்பு பெரும்பாலும் ஒரே இழை. நம் மீனவர் வலையில் உள்ள தங்கூஸ் நூல் மாதிரி, நுண்ணோக்கியில் தனியாகத் தெரியும். மனிதனில் அது பின்னிக் கிடக்கும் வலை. வசதியும் அதுதான், குறையும் அதுதான்.

நரம்பை இடுக்கியால் நசுக்கினால் உள்ளிழை அறும், மேலுறை தங்கும். அதனால் தானாகவே ஓரளவு தேறும். நரம்பைக் காத்த அறுவையோடு ஒப்பிட இது சரி. ஆனால் அளக்கத் தாமதித்தால் மருந்தின் பலனா, இயற்கையா என்று பிரிக்க முடியாது. காயமின்றித் திறந்து மூடிய குழுவும், மருந்தில்லாத நசுக்கல் குழுவும் கட்டாயம். நரம்புத் துண்டை ஒட்டு வைத்துப் பார்ப்பதானால் நரம்பை வெட்டி எடுக்கும் முறையே பொருத்தம். எதுவானாலும் இரு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் விட்டால் அந்த நரம்பு ஈடுகட்டிவிடும்.

நரம்பை மின்முனையால் தூண்டி, குறிக்குள் ஏறும் அழுத்தத்தை ஊசி வழியாகத் திரையில் கோடாகப் பார்ப்பதுதான் அளவீடு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீர் நிரப்பிய ஊசியைக் குறியின் வேர்ப்பகுதியில் செருகி, லேசாக அழுத்திப் பாருங்கள்: கோடு துள்ளினால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. துள்ளாவிட்டால் ரத்தக்கட்டி அடைத்திருக்கும், அல்லது ஊசி வெளியே போயிருக்கும். மின்முனையைச் சுற்றி ஈரம் நின்றால் மின்சாரம் பக்கத்துத் தசைக்குத் தாவி, ஊசிமுனை போன்ற பொய்யான ஏற்றங்கள் வரும். பஞ்சால் ஒற்றி எடுங்கள். குறியின் உள்ளழுத்தம் 70 மி.மீ. பாதரசம், சராசரி ரத்த அழுத்தம் 100 என்றால் விகிதம் 0.7, மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்குவதால் விகிதமில்லாத எண் ஏமாற்றும்.

மரபணு ஒன்றை நீக்கிப் பார்க்க வேண்டுமானால் சுண்டெலி. ஊசி செருகுவதே பெரும்பாடு. அறுவைக் கருவியைச் சோதிக்க உடலளவில் நாய் வசதி, செலவும் அனுமதியும்தான் கடினம். குரங்குக்குப் போக வலுவான காரணம் வேண்டும்.

ராமநாதபுரம் கடலோரத்தில் கூடம் வைப்பவர்களுக்கு ஒன்று: உப்புக்காற்றில் இடுக்கியின் வாய் துருப்பிடித்தால் அழுத்தம் எலிக்கு எலி மாறும். காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். ஒரே இடுக்கி, ஒரே நேரம், ஒரே கை.