கிளினிக்கா, உளவளத்துணையா?

திருகோணமலை பொது வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் காசு கட்டத் தேவையில்லை. வாரக்கணக்கில் நித்திரையில்லை, காதில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்றால் முதலில் இங்கேதான் போகவேண்டும். மனச்சோர்வு மருந்து வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பிழை. ஆனால் சனம் கூடிய கிளினிக்கில் ஆறுதலாகக் கதைக்க நேரம் கிடைப்பது அரிது.

இழப்பு, குடும்பப் பிணக்கு என்றால் உளவளத்துணை (கவுன்சிலிங்) பொருத்தம்: அமர்வுக்கு 45 முதல் 60 நிமிடம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். தனியார் என்றால் படிப்பு, கட்டணம் இரண்டையும் முதலே கேளுங்கள். சின்ன ஊர், உங்கள் சொந்தக்காரருக்குத் தெரிந்தவரா என்பதையும் பாருங்கள். 3, 4 அமர்வுக்குப் பிறகும் வாய் திறக்க மனம் வராவிட்டால் ஆளை மாற்றலாம், குற்றமில்லை. இரவில் தாங்கமுடியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.