கோயில் சுற்றும் வேனில் குட்டி சிலிண்டரா? எடை போடாமல் பணம் கொடுக்காதீர்கள்

ஐப்பசி பிறக்கப் போகிறது. மாயூரம் துலா ஸ்நானத்துக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் வேன் பிடித்து, வழியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சுற்றப் பலர் திட்டமிட்டிருப்பீர்கள். "சமையல்காரர், அடுப்பு, பாத்திரம், கேஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று சொல்லும் ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்துக்குச் சென்ற ஆண்டு நடந்தது இது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். வயதானவர்களை உட்கார வைத்துக்கொண்டு வேனுக்குள் அவர்கள் எதை வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தஞ்சாவூரில் கிளம்பி திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் வழியாக வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு என்று பயணம். அத்தைக்குச் சர்க்கரை நோய். சம்பந்தி மாமி வெளியில் கை நனைக்க மாட்டார். அதனால்தான் சமையல் ஏற்பாடு. முதல் சிலிண்டர் வாடகையில் அடக்கம், அதற்குப் பிறகு ஆகும் கேஸுக்குத் தனிப்பணம் என்பது பேச்சு.

முதலில் ஏற்றியிருந்தது வீடுகளுக்கு வரும் சிவப்பு நிற 14.2 கிலோ சிலிண்டர். வீட்டு உபயோக சிலிண்டரை வாடகைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். அதுவும் கும்பகோணத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோனது. அதன்பிறகு ஓட்டுநர் ஒரு தகரக் கொட்டகைக்குப் போய், எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத குட்டி சிலிண்டரைக் கொண்டுவந்து, ஐந்து கிலோ என்று பணம் வாங்கினார். ரசீது கிடையாது.

வைத்தீஸ்வரன்கோயில் சத்திரத்தில் ரசம் கொதிக்கும் நேரத்தில் தீ அடங்கியது. தீர்ந்துவிட்டது, மாற்றி வருகிறேன் என்று ஓட்டுநர் சிலிண்டரைத் தூக்கினார். சமையல்காரர் தடுத்தார். அவர் கல்யாண வேலையில் ஊறியவர். இந்த மோசடியில் அவருக்குப் பங்கில்லை. "ஐயா, இது தீரவில்லை, குளிர்ந்துபோயிருக்கிறது" என்றார். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சின்ன சிலிண்டரைப் பெரிய அடுப்பில் மாட்டினால் அது சில்லிட்டு வெளியே வியர்த்துவிடும். அழுத்தம் குறைந்து தீ இறங்கிவிடும். சற்று நேரம் அணைத்து வைத்தால் மறுபடி எரியும். அவர் ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக் காட்டினார். மேல்பகுதி சீக்கிரம் உலர்ந்தது. கீழே ஈரம் நின்றது. ஈரம் நிற்கும் மட்டம் வரை திரவம் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் மீதி கேஸோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம்மிடம் முழு விலையை மறுபடி வாங்குவதுதான் திட்டம். முதல் சிலிண்டரும் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

அதை முழுவதும் எரித்துத் தீர்த்தோம். பக்கத்து உரக்கடையின் மின்னணுத் தராசில் காலி சிலிண்டரை வைத்து எடை குறித்துக்கொண்டேன். அதே சிலிண்டர் நிரப்பப்பட்டு வந்ததும் மறுபடி வைத்தேன். வித்தியாசம் 3.4 கிலோ. ஐந்து கிலோவுக்குப் பணம், மூன்றரைக்கும் குறைவாகக் கேஸ்! வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து, குழாய் மாட்டி இதில் இறக்கும் கொட்டகையில் அளவு யாருக்குத் தெரியும்? அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதையே விதிகள் தடை செய்கின்றன.

திருநள்ளாற்றில் வேனை நிறுத்திய இரவுதான் நெஞ்சை உலுக்கியது. பின் இருக்கைக்கு அடியிலிருந்து நெடி. எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவைத் திறக்க வேண்டும். ஓட்டுநரோ வண்டியைக் கிளப்பி ஓரம் கட்டுகிறேன் என்று சாவியைப் போடப் போனார். ஒரு பொறி போதும்! எல்லோரையும் இறக்கி, சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ச் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். வால்வில் குமிழி கிளம்பியது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷரே இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாக ஏற்றி வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 யாத்திரிகர்கள் இறந்தது அங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

ஏற்பாட்டாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எல்லா வேனும் இப்படித்தான் ஓடுகிறது என்று பதில் சொன்னார். எடை குறித்த தாளையும் புகைப்படங்களையும் இணைத்து மாவட்ட வழங்கல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எடைக் குறைவு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்க்க வேண்டியது. அங்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. கசிவு என்றால் 1906.

நிறுவனங்களே ஐந்து கிலோ சிலிண்டர் விற்கின்றன. இந்தியன் ஆயிலின் சோட்டு, எச்.பி.யின் அப்பு போன்றவற்றை அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று இல்லாமல் ஏஜென்சிகளிலும் பல பெட்ரோல் பங்க்குகளிலும் வாங்கலாம். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். அதைக் கழித்தால் உள்ளிருப்பது தெரியும். கைப்பிடி வளையத்துக்குக் கீழுள்ள பட்டையில் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும்: ஏ மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 27' என்றால் 2027 ஜூனுக்குள் மறுசோதனை செய்ய வேண்டும். எங்களுக்கு வந்ததில் அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது.

முன்பணம் கொடுக்கும்போதே, நிறுவன சிலிண்டர்தான் வரும், ரசீதோடும் எடையோடும் தருவோம், பயணிகள் இருக்கும் பகுதியில் வைக்க மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரின் வேனில் ஏறாதீர்கள்.